பேராமையின் மூக்கு

ஆமைக்கு மூக்கு உண்டா என்று என்னிடம் கேட்காத உறவினர் கிடையாது. உண்டு. உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிட நல்ல மூக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் இதை விளக்க ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அதனால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். அப்புறம் அவர்கள் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள்.

என் பெயர் ஹெப்சிபா. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஆட்டையும் மாட்டையும் தொடாமல், கரையொதுங்கும் செத்த ஆமைகளின் தலையை வெட்டியெடுத்து மூக்கின் உட்புறத்தை அளப்பதிலேயே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியவள். வேம்பாருக்குத் தெற்கே, ஊர் முடிந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடலடிக் குழாய்க் கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் பின்னால் ஒற்றைக் குடியிருப்பு. அதில் நானும் என் குளிர்பெட்டியும். பெட்டிக்குள் நாற்பது பங்குனி ஆமை, பதினொரு பேராமை, நான்கு அழுங்காமை, மூன்று ஏழுவரி ஆமை. எல்லாம் தலை மட்டும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்று என் அம்மா கடைசிவரை நம்பினாள்.

எல்லா ஆமைக்கும் ஒரே மூக்கு என்று நினைப்பது, எல்லா வீட்டிலும் ஒரே சாம்பார் என்று நினைப்பது போல. வெளியே பார்த்தால் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். தலையை ஸ்கேன் செய்து உள்ளே இருக்கிற வெற்றிடத்தை அச்சாக வார்த்தால்தான் விஷயம் தெரியும். கீழே ஓர் அறை, அதில் கடல்தண்ணீர் ஓடும். மேலே ஓர் அறை, அதில் காற்று தங்கும். முங்கினால் தண்ணீரை மோந்து பார்க்கும், தலை தூக்கினால் காற்றை மோந்து பார்க்கும். அறைகளிலிருந்து சின்னச் சின்னப் பைகள் பிரியும். பேராமைக்கு அந்தப் பைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாக இருக்கும். பங்குனி ஆமைக்கும் உண்டு, கொஞ்சம் சிறிது. அழுங்காமைக்குக் குறுகல். ஏழுவரி ஆமையின் மூக்கோ குட்டையாக, அகலமாக, பை இருந்தும் இல்லாததுபோல இருக்கும். பேராமையின் அச்சை முதல்முறை கையில் எடுத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

இந்த அழகு ஒரு நாள் காரியத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததேயில்லை. கழகம் கடலடியில் நூற்றுப்பத்து கிலோமீட்டருக்கு அம்மோனியாக் குழாய் போட்டிருந்தது. எங்காவது ஊசிமுனை அளவு கசிந்தாலும் அந்தப் பக்கத்து மீனெல்லாம் மிதக்கும். கசிவைக் கண்டுபிடிக்க வைத்த கருவிகளில் பத்து நாளில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள மூக்கு அப்படியில்லை, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். முக்குளிப்பவனுக்கே ஆமையின் மூக்கை வைத்தால் என்ன என்று கேட்டவர் திட்டப் பொறியாளர் நல்லபெருமாள். கேட்டது அவர், ஆடியது நான். எந்த ஆமை என்பதுதான் கூட்டத்தில் பேச்சு.

“ஏழுவரி மூக்கு வார்க்கச் சுலபம் டாக்டர்,” என்றார் அவர். “குட்டையா இருக்கு. மனுஷன் முகத்துக்குள்ள அடங்கும்.”

“சுலபமா இருந்தாப் போதும்னா ஒரு சோடா மூடியை வச்சுத் தச்சிருங்க. மோப்பம் வேணும்னா பேராமை.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் ஆளாக ஒப்புக்கொண்டவன் தொம்மை மிராந்தா. புன்னைக்காயல்காரன், முப்பத்தொரு வயது, பரம்பரையாகக் கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவன். குழாய் போட்டதிலிருந்து சங்கு கிடைப்பது நின்று வேலையில்லாமல் இருந்தவன். கழகத்தில் நிரந்தர வேலை என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டான். மூக்கு வளர்ந்து தயாராக ஏழு மாதம் ஆயிற்று; அப்போது அவன் மனைவி நான்கு மாதக் கர்ப்பம்.

“ஆம மூக்கு வச்சா ஆயுசும் ஆம ஆயுசா டாக்டர்?” என்று கேட்டான்.

“ஆயுசு உன்னோடதுதான். மூக்கு மட்டும் என்னோடது,” என்றேன்.

மதுரையிலிருந்து வந்த மருத்துவர்கள் நிலையத்திலேயே அறுவையை முடித்தார்கள். என் அச்சுக்குள், தொம்மையின் செல்லையும் பேராமையின் செல்லையும் கலந்து வளர்த்த ஒரு சின்ன உறுப்பு. கட்டைவிரல் பருமன். அவனுடைய சொந்த மோப்பத்தோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்து நரம்போடு இணைத்தார்கள். இருபத்தொரு நாள் மூக்கை மெழுகால் அடைத்து வைத்து, இருபத்திரண்டாம் நாள் திறக்க வேண்டும். திறந்து மூன்று நாள் இரண்டு மணிக்கொரு முறை கடல்தண்ணீரில் கழுவ வேண்டும். அந்த மூன்று நாளும் டீசல், பினாயில், ஸ்பிரிட் என்று எந்தக் கார வாடையும் படக்கூடாது. பட்டால் தோல் கருகிவிடும்.

இதற்காகவே ஓர் அறையைக் கட்டிச் சுத்தம் செய்து பூட்டி வைத்திருந்தேன். திறக்க வேண்டிய அன்று காலையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் புகை அந்த அறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நாளை பார்க்கலாம் என்றால் தோல் அழுகிவிடும். நிலையம் முழுக்க ஏதாவது ஒரு நாற்றம் இருந்தது. காற்று வரும் பக்கத்தில் இருந்த என் வீடு ஒன்றுதான் சுத்தம். “வாடா,” என்று அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் என் அடுக்களையில் பாய் விரித்து உட்காரவைத்தேன்.

மூன்று நாளும் நான் வெங்காயம்கூட வதக்கவில்லை. கஞ்சியும் துவையலும்தான். அகலச் சட்டியில் வடிகட்டிய கடல்தண்ணீரை ஊற்றி, அவன் தாடையை உள்ளங்கையில் தாங்கி, முகத்தை அமிழ்த்துவேன். அவன் மூச்சை இழுத்து விடுவான். ஆமையைப் போலவே மேலுதடு துடிக்கும். எத்தனை கவனமாக இருந்தேன் தெரியுமா. குறிப்பு நோட்டில் மூன்று நாளும் எழுதியிருக்கிறேன்: கெட்ட வாடை எதுவும் இல்லை.

கெட்ட வாடை இல்லை, சரி. என்ன வாடை இருந்தது என்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒற்றையாகப் புழங்கிய வீடு அது. என் சோப்பு, என் எண்ணெய், பீரோவின் பாச்சை உருண்டை, கிராம்பு, என் வியர்வை. தன் வீட்டு வாடை தனக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் சொல்லியிருப்பார்கள்.

தொம்மை முதல் மாதத்திலேயே மூன்று கசிவைக் கண்டுபிடித்தான். கலங்கல் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போய்க் குழாயில் விரலை வைப்பானாம். நல்லபெருமாளே எனக்குக் கை கொடுத்தார். இன்னும் ஆறு பேருக்கு வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

ஒரு மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. என் வீட்டுக் கதவைத் தட்டுவது பால்காரரும் கேஸ் சிலிண்டர்காரரும்தான். திறந்தால் தொம்மை, தலை ஈரம் காயாமல்.

“என்னப்பா, மூக்கு வலிக்குதா?”

“இல்ல டாக்டர். சும்மா.”

நேராக அடுக்களைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பத்து நிமிஷம். காபி குடித்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த வாரம் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். ஒரு மதியம் அங்கேயே தூங்கிப்போனான். பேச்சு அதிகம் கிடையாது. நான் பூண்டு உரிப்பேன், அவன் உட்கார்ந்திருப்பான்.

“கடல்ல இருந்து ஏறுனதும் காலு இங்கதான் வருது டாக்டர். ஏன்னு தெரியல,” என்றான் ஒருநாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய பழைய நோட்டில் பேராமைக் குஞ்சுகளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அன்றே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியவரும் என்று பாதி தெரிந்திருந்ததால்தான் பார்க்கவில்லை. அரை உழக்கு அரிசி அதிகமாகப் போட ஆரம்பித்தேன். அவனுக்குப் பிடிக்கும் என்று காரப்பொடி மீன் வாங்கி மஞ்சளில் பிசிறி வைத்தேன். சாயங்காலம் ஆனால் காது வாசலுக்குப் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. பிறகு மெட்டில்டா வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தொம்மையின் மனைவி என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. எட்டு மாத வயிறு. கையில் தண்ணீர் பாட்டில். ஊரில் ரவிக்கை தைப்பவள் என்று அவன் சொல்லியிருந்தான். நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“நான் சண்டைக்கு வரல டாக்டரம்மா. சண்டைன்னா வாசல்லயே ஆரம்பிச்சிருப்பேன். உங்களுக்கு என்ன வயசு?”

“ஐம்பத்தாறு.”

“ஊருல என்னென்னமோ பேசுதாவ. நான் நம்பல. உங்களப் பாத்தப்பறம் சுத்தமா நம்பல.”

இது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. துடைத்துப் போட்டுவிட்டு அவளுக்கு மோர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை.

“நாலு நாள் லீவுன்னா எங்க வீட்ல அவிய ரெண்டு நாளு இங்கன இருந்துட்டுத்தான் வாராவ. வந்தா செருப்பக் கழத்தாம வாசல்லயே நிக்காவ. உள்ள வந்தா ஜன்னலப் பாத்து உக்காருதாவ. பக்கத்துல படுத்தா தூக்கம் இல்ல. ‘வீட்டுக்குப் போணும் மெட்டில்டா’ன்னு சொல்லுதாவ. எங்க வீட்டுல உக்காந்துகிட்டு என்கிட்டயே வீட்டுக்குப் போணும்னு சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும் டாக்டரம்மா?”

நான் எழுந்துபோய் அந்த நோட்டை எடுத்துவந்தேன். இரண்டு மாதம் தொடாத பக்கத்தை அவள் முன்னால் வைத்துத் திறந்தேன்.

“ஆமைக்குஞ்சு முட்டையை உடைச்சு மணலை விட்டு வெளிய வரும்போது, அதோட மூக்குல பின்பக்கம் இந்தப் பை தடிச்சு, ஈரமா, திறந்து இருக்கு. பெரிய ஆமையில அதே பை மெலிஞ்சு மூடிப்போயிருக்கு. என்ன வேலை செய்யுதுன்னு தெரியலைன்னு எழுதி வச்சிருந்தேன்.”

“இப்ப தெரிஞ்சிட்டோ?”

“முதல்ல படுற வாசனையை அது பூட்டி வச்சுக்குது. அப்புறம் எத்தனை வருஷம் கடல்ல சுத்தினாலும் அந்த வாசனை இருக்கிற கரைதான் அதுக்கு ஊர். பேராமைக்கு இந்தப் பை பெரிசு. அது பிறந்த கரையைத் தேடியே வரும். ஏழுவரி ஆமைக்கு இது இல்லைன்னே சொல்லலாம். அது எந்தக் கரையிலயும் ஏறும்.”

“எங்க வீட்ல அவியளுக்கு எது வச்சிய?”

“பேராமை.”

“யாரு சொல்லி?”

“நான் சொல்லி.”

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அவளுக்குப் புரிந்திருக்காது. கேட்டது புரிந்துவிட்டது.

“மூக்கத் தொறந்தது எங்க?”

“இங்கதான். இந்த அடுக்களையில. மூணு நாள்.”

அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். டப்பாக்கள், சட்டி, கொடியில் என் சேலை. “இதுதான் அவியளுக்கு வீடா,” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“ரெண்டு மாசமா சந்தேகம்.”

“அப்பறம் ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?”

“அவன் வந்து போறது எனக்கு நல்லா இருந்தது.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “அத வெட்டி எடுத்துருங்க,” என்றாள்.

“எடுத்தா சாகுறவரை எந்த வாசனையும் தெரியாது. குழம்பு வாசனை தெரியாது, பிள்ளை வாசனை தெரியாது. அவனோட சொந்தத் தோலை எடுத்துட்டுத்தானே இதை வச்சோம். ஏழுவரி மூக்கு வளர்த்து மாத்தலாம். அதுக்கு ஏழு மாசம் ஆகும்.”

“எனக்கு அடுத்த மாசம் பேறுகாலம்.”

“தெரியும்மா.”

“பிள்ள பொறக்கயில அப்பன் இங்க வந்து உக்காந்திருப்பாவ. அப்பிடித்தான?”

கீழே இருந்த மோரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எழுந்தாள். கொடியருகே போய் என் சேலையை எடுத்து மோந்து பார்த்தாள். அன்று காலை கட்டி அவிழ்த்துப்போட்ட பருத்திச் சேலை, துவைக்கப் போகாதது.

“எனக்கு ஒண்ணும் தெரியல. துணி வாடதான் வருது,” என்றாள். “இதத் தாங்க டாக்டரம்மா. துவைக்காததா நாலு தாங்க. உங்க சோப்பு, எண்ண, எல்லாத்துலயும் ஒண்ணு. நான் உடுத்திக்கிடுதேன்.”

“மெட்டில்டா, அது வேண்டாம்மா.”

“வேற வழி சொல்லுங்க, கேக்கேன்.”

வேறு வழி இல்லை. பழைய பையில் மடித்துக் கொடுத்தேன். இன்னொரு பெண்ணின் அழுக்குச் சேலையை வாங்கிக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள். மோர் அப்படியே இருந்தது.

மறுநாள் கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் மறைத்ததையும் எழுதினேன். ஆறு பேருக்கான அறுவையை நிறுத்தினார்கள். என்னை ஆராய்ச்சிப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருந்ததால் குடியிருப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். நல்லபெருமாள் “ஏழுவரின்னு அன்னைக்கே சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

தொம்மையைக் கூப்பிட்டு, இனி இங்கே வராதே என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“அப்ப இது பாசம் இல்லையா டாக்டர்?”

“மூக்குப்பா. வெறும் மூக்கு.”

“எனக்கு வித்தியாசம் தெரியலியே,” என்றான். போகும்போது வாசலில் இரண்டு முறை திரும்பி நின்றான். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் திங்கட்கிழமை பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவேன். இரண்டு நாள் கட்டிய சேலை இரண்டு, ஒரு தலையணை உறை, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டியது. சனிக்கிழமை துவைத்த சேலைகள் திரும்பி வரும். மடிப்பு கலையாமல், மேலே ஒரு துண்டுச் சீட்டு. ‘தூங்கினாவ.’ ‘சாப்பிட்டாவ.’ ‘ஒருவாட்டி வாசலுக்குப் போய்த் திரும்பிட்டாவ.’ ஒரு சனிக்கிழமை, ‘பொம்பளப் பிள்ள. மூணு கிலோ. அவிய கூடவே இருந்தாவ.’ அடுத்த மாதம், ‘பிரான்சிஸ்கான்னு ஞானஸ்நானம் குடுத்தாச்சு.’ அவ்வளவுதான். அந்தச் சீட்டுகளை எல்லாம் வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு மாதத்தில் நான் சோப்பை மாற்றவில்லை, எண்ணெயை மாற்றவில்லை, சாப்பாட்டைக்கூட மாற்றவில்லை. காய்ச்சல் வந்தபோது மாத்திரை போட்டால் வியர்வை வாடை மாறுமோ என்று பயந்து மிளகுக் கஷாயத்தோடு கிடந்தேன். எனக்கு இந்த உலகத்தில் ஓர் உபயோகம் இருந்தது. அது என் அழுக்குச் சேலை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஏழுவரி மூக்கு தயாரானதும் தொம்மைக்கு மாற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இந்த முறை மூக்கைப் புன்னைக்காயலில், அவன் வீட்டில், மெட்டில்டா கையாலேயே திறக்கச் சொல்லி எழுதினேன். திறந்து அவன் வேலைக்குத் திரும்பியதும், சேலை அனுப்ப வேண்டாம் என்று அவள் எழுதினாள். அந்தத் திங்கட்கிழமை பொட்டலம் இல்லாமல் பஸ் போனது. கண்டக்டர், “என்ன டாக்டரம்மா, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டுவிட்டு விசில் அடித்தார்.

மூன்று நாள் கழித்துத் தொம்மை வந்தான். கையில் மக்ரூன் டப்பா. முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“சௌரியமா இருக்கியளா டாக்டர்?”

“இருக்கேன். மூக்கு எப்படி?”

“கசிவெல்லாம் தெரியுது. முன்ன மாதிரி இல்ல, ஆனா தெரியுது. எந்த இடமும் இழுக்கல. எங்க போனாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.”

“வீடு?”

“மெட்டில்டா இருக்கா. பிள்ள இருக்கு. நான்தான் போறேன் டாக்டர், காலு கூட்டிட்டுப் போகல,” என்று சிரித்தான். நிம்மதியான சிரிப்பு.

காபி போடுகிறேன் என்றேன். அடுக்களைக்குள் வரவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் எழுந்து, “வாரேன் டாக்டர்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நடக்க வேண்டியது நடந்திருக்கிறது, அறுவை வெற்றி, சந்தோஷப்பட வேண்டும். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அன்று முழுக்க அழுதேன்.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் மெட்டில்டா வந்தாள். இந்த முறை இடுப்பில் குழந்தை. ஆறு மாதக் குழந்தை, அழுது அழுது தொண்டை கட்டிக் கரகரவென்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மெட்டில்டாவின் கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“ஒம்பது நாளா இப்பிடித்தான். பால் குடிக்க மாட்டேங்கா, ரெண்டு வாய் குடிச்சிட்டு முகத்தத் திருப்பிக்கிடுதா. தூக்கமே இல்ல. ஆசுபத்திரியில காது பாத்தாவ, வயிறு பாத்தாவ, ஒண்ணும் இல்லேங்காவ.”

அவள் அன்று கட்டியிருந்தது அவளுடைய சேலை. பச்சையில் பூப்போட்டது. பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் அந்தக் குழந்தை முகம் புதைத்துத் தூங்கியது என் சேலையில். அப்பனுக்காகக் கட்டியது. பிள்ளையைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஒருத்தி நான்கு வகை ஆமையின் மூக்கை அளந்தவள், இன்னொருத்தி பெற்றவள்.

“குடு,” என்று கையை நீட்டினேன்.

அவள் ஒரு கணம் கொடுக்காமல் நின்றாள். பிறகு கொடுத்தாள். குழந்தை என் தோளில் முகத்தை வைத்தது. இரண்டு முறை மூக்கை உரசி மோந்தது. விசும்பல் ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை. நான் உட்கார்வதற்குள் தூங்கிவிட்டது. வாய் திறந்து, என் கழுத்தில் எச்சில் வடிய. அதன் கனம் அப்படியே என் நெஞ்சில் இறங்கியது. என்மேல் யாரும் இப்படிச் சாய்ந்ததில்லை.

மெட்டில்டா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“அவியளுக்கு ஆபரேஷன் பண்ணினிய. இவளுக்கு என்ன பண்ணுவிய டாக்டரம்மா?”

வாரத்துக்கு ஒருமுறை கொண்டு வா என்று சொல்லலாம். மறுபடியும் சேலை அனுப்புகிறேன் என்று சொல்லலாம். மூக்கைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அவள் கேட்பாள், கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்திருந்தாள். பிள்ளை வளரும். நடக்கும். திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கும். ஒரு நிமிஷத்தில் பத்து வருஷம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம்,” என்றேன். “மனுஷப் பிள்ளைக்கு அந்தப் பை கிடையாது. இது பூட்டு இல்ல, பழக்கம். ஆறு மாசம் என் வாடையில தூங்கிப் பழகிட்டா. உன் சேலையைத் துவைக்காமக் கட்டு. அதுலயே போட்டுத் தூங்க வை. அழுவா, அழட்டும். இன்னும் நாலஞ்சு நாள். அப்புறம் உன்கிட்டதான் தூங்குவா. என்னைச் சுத்தமா மறந்துருவா.”

“நிசமாவா?”

“நிசம். ஆனா நடுவுல இங்க கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா மறுபடியும் முதல்ல இருந்து. என் துணி ஒண்ணுகூட உங்க வீட்ல இருக்கக் கூடாது. இருந்தா எரிச்சிரு.”

அவள் என்னையே பார்த்தாள். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று போன முறை அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவளுக்கு நினைவிருந்திருக்கும்.

“இப்பமே எழுப்பிக் கொண்டுபோணுமா?”

“கொண்டுபோறதுதான் நல்லது.”

எழுந்து கிட்டே வந்தாள். குழந்தையின் முதுகில் கையை வைத்தாள். அது தூக்கத்தில் என் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மெட்டில்டா கையை எடுத்துக்கொண்டாள்.

“ஒம்பது நாளாத் தூங்காத பிள்ள,” என்றாள். “மூணு நாப்பதுக்குத்தான் அடுத்த பஸ்ஸு. அதுவரைக்கும் கெடக்கட்டும். நானும் கொஞ்சம் கண்ண மூடுதேன்.”

தண்ணீர் குடித்துவிட்டு அங்கேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது. இரண்டு பேர் தூங்கும் மூச்சு என் வீட்டில் முதல்முறையாகக் கேட்டது. கால் மரத்துப்போனது, அசைக்கவில்லை. சுவர்க்கடிகாரம் எதிரே இருந்தது. குழந்தை எழுந்துவிடாமல் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.